மைக்கை அணைக்கவில்லை

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் என் பதவிக்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. தைக்கிற பெண்கள் அதைச் சுருக்கி ‘வெல்ஃபேர் மேடம்’ என்பார்கள். கேன்டீன் சாம்பார் புளித்தாலும், ஹாஸ்டலில் தண்ணீர் வராவிட்டாலும் என்னிடம் வந்து சொல்வார்கள். எதிரில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேச்சு நன்றாகவே வரும். கூட்டம் என்று ஆகிவிட்டால் காது மடல் சூடாகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்லூரி ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்ல மேடை ஏறி, முதல் வரிக்குப் பிறகு ஒன்றும் வராமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கியவள் நான். அதற்கும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இன்றைக்கும் மறக்காமல் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூருக்கு வெளிநாட்டு பையர்கள், அதாவது மொத்தமாக ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குகிறவர்கள், வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் எதிரில் தடுமாறக் கூடாது என்று எங்கள் முதலாளி என்னையும் ஃபேக்டரி மேனேஜரையும் கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் நடந்த பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார். டை கட்டிய ஒருவர் நாள் முழுக்க நின்றபடியே பாடம் எடுத்தார். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், சிரியுங்கள், கையைக் கட்டாதீர்கள் என்றார். உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது என்பதைக் கூட்டத்தின் முன்னால் மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள், நம்பிக்கையோடு சொன்னால் எதையும் நம்புவார்கள் என்றார். மேனேஜருக்கு வகுப்பு ரொம்பவும் பிடித்துப்போனது.

திரும்பி வரும் வழியில், “நீங்க பயப்படறது மூஞ்சியிலயே தெரியுதுங்க மேடம். மொதல்ல அதைய மறைக்கோணும்” என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அது நடந்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். ஒரு பெரிய ஆர்டர் கன்டெய்னரில் ஏற வேண்டிய வாரம். கம்பெனி முழுக்க ஒரு பதற்றம் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தால் பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். நான் கீழ்த்தளத்தில் என் அறையில் இருந்தேன். மாடியிலிருந்து தடதடவென்று சத்தம் வந்ததும் வெளியே வந்து பார்த்தேன். செக்கிங் பகுதியின் சூப்பர்வைசர் அக்காவும் வேன் டிரைவரும் இன்னொரு ஆளுமாகச் சேர்ந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். தைத்து வரும் பனியன்களில் பழுதானவற்றைப் பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. அவள் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பனியனைச் சுற்றியிருந்தார்கள். அதில் பாதி சிவப்பாகியிருந்தது.

“என்னாச்சுங்க?”

“மயங்கி விழுந்துட்டாங்க மேடம். டேபிள் முனை மண்டையில அடிச்சுருச்சு” என்று மூச்சு வாங்கியபடி சூப்பர்வைசர் சொன்னார். முன் கேட்டை மறித்துக் கன்டெய்னர் லாரி நின்றிருந்ததால் வேன் பின் கேட் வழியாகப் போனது. கதவைச் சாத்தும் முன் நான் பார்த்த கடைசிக் காட்சி, அந்தப் பெண்ணின் கை சூப்பர்வைசரின் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

வேன் போன சிறிது நேரத்தில் மாடியில் மெஷின் சத்தம் நின்றது. ஒரே நேரத்தில் நிற்கவில்லை. ஒரு வரிசை, பிறகு அடுத்த வரிசை என்று அடங்கி, கடைசியில் ஏதோ ஒரு மெஷின் மட்டும் கொஞ்சம் ஓடி அதுவும் நின்றது. கரண்ட் போனால்கூட இப்படி இருக்காது. ஜெனரேட்டர் வரும் வரைக்கும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். இப்போது பேச்சே இல்லை.

பிறகு ஸ்பீக்கரில் மேனேஜரின் குரல் வந்தது. தையல் கூடத்தின் கோடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை உண்டு. பாட்டுப் போடுகிற மைக் செட் அங்கேதான் இருந்தது.

“ஒண்ணும் ஆகலைங்க. லேசான மயக்கம். ஜூஸ் குடுத்து உக்கார வெச்சிருக்குது. எல்லாரும் அவங்கவங்க மெஷினுக்குப் போங்க.”

நான் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு பெண் கத்துவது கேட்டது. “அப்ப டேபிள்ல கெடக்கறது யாரு ரத்தம்?”

மேனேஜர் முன்பு சொன்னதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, கூட்டத்தை அமைதிப்படுத்தலாம் என்று நினைத்தோ என்னவோ, பாட்டைப் போட்டுவிட்டார்.

ஒரு சினிமாப் பாட்டு அவ்வளவு கொடூரமாக ஒலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த நிமிடம் நூல் கோன்கள் நிறைந்த ஒரு அட்டைப்பெட்டி பறந்து போய் ஸ்பீக்கரின் மேல் விழுந்தது. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். கூடத்தில் இருந்த மொத்தக் கூட்டமும் படிக்கட்டை நோக்கி வந்தது. இறங்குவதற்கு அந்த ஒரு படிக்கட்டுதான். அவசர வழியை ஆர்டர் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. மேலே இருப்பவர்கள் தள்ள, முன்னால் இருந்த பெண்கள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தள்ளாதீங்க, தள்ளாதீங்க என்று கத்தினார்கள். நான் பாதிப் படியில் நின்றேன். கீழே போகவும் முடியவில்லை, மேலே போகவும் முடியவில்லை.

“செத்துப்போச்சாம். பின் கேட்டு வழியா எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்.”

இந்த வார்த்தை என் காதுபடவே மூன்று நான்கு வாய்களைக் கடந்து போனது. முதலில் ‘ஆம்’ போட்டுச் சொன்னார்கள். படியின் அடிக்கு வருவதற்குள் அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிட்டது.

கம்பியோரமாக ஒட்டி ஒட்டி மேலே ஏறினேன். கூடத்து வாசலில் ஒரு பெண்ணை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் விழுந்த பெண்ணின் அக்கா. ஓவர்லாக் மெஷினில் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்கிறவள். தங்கையைத் தூக்கிக்கொண்டு போனதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரெல்லாம் கேள்விப்பட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரையும் உதறிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள்.

“எந் தங்கச்சிய எங்கக்கா கொண்டு போனீக? செத்துருச்சுங்கிறாகளே. உசுரு இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்கக்கா.”

எனக்குத் தெரியாது. உயிர் இருக்கிறதா என்பதைத் தவிர அவளுக்கு வேறு எது வேண்டும்? அவளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனேன். சூப்பர்வைசரின் செல்லுக்கு அடித்தேன். செக்கிங் மேஜை டிராயருக்குள்ளிருந்து மணி அடித்தது. போனை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரி நம்பரில் யாரும் எடுக்கவே இல்லை. வேன் டிரைவரிடம் போன் கிடையாது. முதலாளி ஏர்போர்ட்டிலிருந்து பையரோடு காரில் வந்துகொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பக்கத்துல ஆளு இருக்கறாங்க, பேச முடியாது. கேட்டுக்கு வெளிய கூட்டம் போகாமப் பாத்துக்குங்க” என்றார். வைத்துவிட்டார்.

மேனேஜர் வேர்த்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “நீங்க பேசுங்க மேடம். பொம்பளைங்க பேசுனாக் கேப்பாங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லிருங்க.”

“நல்லா இருக்குதானு நமக்குத் தெரியாதுங்களே சார்.”

“தெரியாதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. பத்திக்கும்.”

“பத்திக்கிச்சுங்க சார்.”

மைக்கைக் கையில் எடுத்தபோது எனக்குக் கால் நடுங்கியது. அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மறைக்க முடியும் என்றும் தோன்றவில்லை. கண்ணாடி அறைக்குள் நின்றால் யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. வயரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எல்லா முகங்களும் திரும்பின. மேடையில் தொலைந்துபோனேனே, அதே மாதிரி முதல் வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. அக்காக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டேன்.

“உசுரோட இருக்குதா இல்லையானு எனக்குத் தெரியாதுங்க.”

கூடம் அதிர்ந்து சத்தம் போடும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அயர்னிங் பகுதியிலிருந்து பீகார்க்காரர்கள் சிலர் மேலே வந்திருந்தார்கள். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு மேஜையின் மேல் ஏறி நின்று, நான் சொன்னதை இந்தியில் திருப்பிச் சொன்னார். நான் யாரையும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். அவர் சொல்லி முடிக்கும் வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அடுத்த வாக்கியம் என்ன என்று யோசிக்க முடிந்தது. அதன் பிறகு நான் ஒரு வரி, அவர் ஒரு வரி என்றே போனது.

“மயங்கி விழுந்திருக்குது. டேபிள் முனை தலையில பட்டு ரத்தம் வந்திருக்குது. அதை நான் கண்ணால பாத்தேன்.

“முன் கேட்டுல லாரி நின்னதுனால பின் கேட்டுல போனாங்க. ஒளிச்சுக் கொண்டு போகலை.

“வேன் கதவு சாத்தறப்ப அந்தப் பொண்ணு சூப்பர்வைசர் சேலையைக் கையில புடிச்சிட்டிருந்துச்சு. அதையும் நான் பாத்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

ஒரு ஆண் குரல் பின்னாலிருந்து, “ஜூஸ் குடிச்சிட்டு இருக்குதுன்னாங்களே?” என்றது.

மேனேஜர் என் பின்னால்தான் நின்றிருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்காமல், “அது சரியில்லைங்க. அவருக்கும் தெரியாது” என்றேன். அதைச் சொன்னபோது வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொண்டேன்.

“இப்ப இவங்க அக்காவை மேனேஜர் சார் கார்ல அனுப்பறோம். கூட யார் போகோணும்னு நீங்களே சொல்லுங்க. என் செல்லைக் குடுத்து விடறேன். அங்க போனதும் சாரோட செல்லுக்குப் பேசுவாங்க. அந்தப் போனை இந்த மைக்குல வெப்பேன். எனக்குத் தெரியறப்பவே உங்களுக்கும் தெரியும்.”

மேனேஜர் என் காதருகே வந்தார். “மேடம், அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?”

கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு பெண் அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போல. “செத்திருந்தாலும் சொல்லுவீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“சொல்லுவேன்” என்றேன்.

அவர்கள் ஒரு வயதான டெய்லரம்மாவைத் துணைக்குச் சொன்னார்கள். “கீழ வாட்ச்மேன் ஓட்டுவாரு” என்று மேனேஜர் கார் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். படிக்கட்டில் அந்த இரண்டு பேருக்கும் வழி விட்டார்கள். அதே படிக்கட்டில் சற்று முன் ஒருவரை ஒருவர் நசுக்கிக்கொண்டிருந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுதுவது கடினம். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. நிறுத்தியிருந்த ஃபேன்களைப் போடச் சொன்னேன். தண்ணீர் கேன்கள் கொண்டுவந்தார்கள். சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். சிலர் என்னிடம் கேள்வி கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி? அவினாசி ரோட்டில் இருக்கிறது, கம்பெனி வழக்கமாகப் போகிற இடம். ரத்தம் ஏற்ற ஆள் வேண்டுமா? தெரியவில்லை. வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா? இல்லை, அக்கா போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தெரியவில்லை, தெரியவில்லை என்று எத்தனை முறை சொன்னேனோ. ஒவ்வொரு முறையும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை.

மேனேஜரின் செல் அடித்தது. அவர் அதை என்னிடம் கொடுத்தார். கண்ணாடி அறைக்குள் போய், போனின் ஸ்பீக்கரைப் போட்டு மைக்கின் பக்கத்தில் வைத்தேன். வீல் என்று ஒரு அலறல். எல்லோரும் காதைப் பொத்தினார்கள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அலறல் அடங்கியதும் ஒரு அழுகை கேட்டது. அக்காக்காரி அழுதுகொண்டிருந்தாள். வார்த்தையே இல்லை, வெறும் அழுகை. கூடத்தில் பின் வரிசையில் யாரோ ஒப்பாரி போல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஸ்டூலை எட்டி உதைத்தார்.

“கண்ணு, அழுவாத. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இருக்குதா?” என்றேன்.

“இருக்காக்கா... இருக்கா. கண்ணு முழிச்சுப் பாத்தா. என்னைய அக்கான்னு கூப்புட்டா. தையல் போட்டுக்கிட்டு இருக்காக.”

கூடத்திலிருந்து எழுந்த சத்தத்தைக் கைதட்டல் என்று சொல்ல முடியாது. பெரிய பெருமூச்சு அது. இந்தியில் சொல்கிறவர் சொல்லத் தேவையில்லாமல் போனது. அவர் மேஜையின் மேலேயே குந்தி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் போனை எடுக்கப்போனேன். அதற்குள் அவள் குரல் மாறியது. அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

“நேத்தே காச்சலுன்னு சொல்லியிருக்காக்கா. இன்னைக்குக் காலையிலயும் லீவு கேட்டிருக்கா. ஆர்டர் போகட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொல்லிட்டாகளாம். ஒங்ககிட்ட வர்றதுக்கும் விடலையாம். வெறும் வவுத்தோட நின்னுருக்கா. மனுசங்களா நீங்கல்லாம்?”

அது முழுதும் ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் கையை நீட்டி மைக் செட்டின் சுவிட்சுக்குப் போனார். நான் என் உள்ளங்கையைச் சுவிட்சின் மேல் வைத்தேன். அவர் விரல்கள் என் கையின் மேல் பட்டு நின்றன. ஒரு கணம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க. பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“நீ சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. நானும் கேட்டேன்” என்று அவளிடம் சொன்னேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “இதுக்கு இப்ப நான் பதில் சொல்ல முடியாதுங்க. லீவு குடுக்கற அதிகாரம் எனக்கில்லை. சாயங்காலம் முதலாளி வந்ததும் இதே வார்த்தையை அவர்கிட்டச் சொல்றேன். அவர் என்ன சொன்னாருன்னு நாளைக்குக் காலையில இதே எடத்துல நின்னு சொல்றேன்” என்றேன்.

சிலர் மெஷினுக்குப் போனார்கள். சிலர் போகவில்லை. அன்றைக்கு மீதி நேரம் ஆங்காங்கே ஒரு மெஷின் ஓடுவதும் நிற்பதுமாகக் கழிந்தது.

சாயங்காலம் முதலாளி பையரை விருந்தினர் அறையில் இளநீரோடு உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் கிடையாது. கோபம் வந்தால் குரல் தாழும். அன்றைக்கு நன்றாகத் தாழ்ந்திருந்தது.

“உசுரோட இருக்குதுன்னு தெரிஞ்சவொடனே மைக்கை அணைச்சிருக்கலாமல்லங்க?”

“அணைச்சிருந்தா, இருக்குதுன்னு சொன்னதையும் நம்பியிருக்க மாட்டாங்கங்க.”

“நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“நீங்க சொல்றதைத்தானுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லுவேனுங்க.”

போங்க என்று மட்டும் சொன்னார். ஹாஸ்டல் வாசலில் இரண்டு பேர் என்னை வழிமறித்து, என்ன சொன்னாரு என்று கேட்டார்கள். காலையில் தெரியும் என்றேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

காலையில் நான் மைக்கைக் கையில் எடுக்கும் முன் அவரே படியேறி வந்தார். கோயில் கமிட்டிக் கூட்டங்களில் தலைமை தாங்குகிற மனிதர், தன் கம்பெனித் தையல் கூடத்தில் அதுவரை பேசியதே இல்லை. மைக்கை வாய்க்கு ரொம்ப அருகில் வைத்ததால் மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்டது.

“காச்சலுன்னா யாரையும் கேக்க வேண்டாமுங்க. மேடத்துக்கிட்டச் சொல்லிட்டு ஊட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ போயிருங்க. அந்தப் பொண்ணு செலவு கம்பெனியோடது. அவ்வளவுதானுங்க.” மைக்கை என்னிடம் தந்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கே அவசர வழியில் இருந்த பெட்டிகளை எடுத்தார்கள். மேனேஜர் வேலை விஷயம் தவிர வேறெதுவும் என்னோடு பேசாமல் வெகுகாலம் இருந்தார். பையர் வந்தால் என்னைக் கூப்பிடுவது நின்றது.

எனக்கு வேலை போகவில்லை. ஆனால் சூப்பர்வைசர் அக்காவுக்கு எல்லாம் போயிற்று. மைக்கில் பெயர் சொல்லப்படவில்லை என்றாலும் லீவு மறுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நடந்து போனால் பின்னாலிருந்து, ஆர்டர் போகட்டும், ஆர்டர் போகட்டும் என்று குரல் கொடுத்தார்கள். அவரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். ஒருநாள் என் அறைக்கு வந்து, “எனக்கு மேல இருக்கறவங்க சொன்னதைத்தானுங்க நான் சொன்னேன். அதைய மைக்குல சொல்றதுக்கு ஆளில்லையே” என்றார். நான் மேனேஜரிடமும் முதலாளியிடமும் போய் அவருக்காகப் பேசினேன். கேட்டுக்கொண்டார்கள், அதோடு சரி.

ஊருக்குப் போயிருந்த அந்தப் பெண், தையல் போட்ட இடத்தில் குட்டை முடி முளைத்த தலையோடு, ஆடி முடிந்து திரும்பி வந்தாள். நேராக என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நாஞ் செத்துட்டேன்னு சொன்னாகளாமே, நெசமாக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எத்தனை பேர் அழுதார்கள், யார் யார் அழுதார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஆசை. எனக்குத் தெரிந்தவரைக்கும் சொன்னேன். பிறகு, “அந்த சூப்பர்வைசரக்கா எங்க? செக்கிங்ல காணாமே” என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“வேன்ல போறப்ப எந் தலைய மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்துச்சுக்கா. தூங்கிராத தூங்கிராதன்னு கன்னத்துல தட்டிக்கிட்டே வந்துச்சு. எனக்கு எல்லாம் நெனவிருக்கு.”

இது கூடத்தில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வேனிலிருந்து யாரும் மைக்கில் பேசவில்லை. இதை எல்லோர் முன்னாலும் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் பயந்துவிட்டாள். “அய்யய்யோ, அத்தனை பேருக்கு முன்னால எனக்குப் பேச்சு வராதுக்கா.”

வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழுந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரின் எதிரில் போய் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, தன் குழம்பில் பாதியை அவர் தட்டில் ஊற்றினாள். மற்ற மேஜைகளில் பேச்சு குறைந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.